62ஆம் எண் சாலையில் மாத்மேன் தேடிப் போகிறவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

செப்டம்பர் வந்தால் அமெரிக்காவின் பாயின்ட் பிளசன்ட் ஊரில் மாத்மேன் திருவிழா. மாத்மேன் என்றால் அந்துப்பூச்சி மனிதன், அங்கே பார்த்ததாகச் சொல்லப்படும் சிறகுள்ள உருவம். கார் நிறைய ஆளும் தீனியுமாக, வீடியோ எடுக்க நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். போங்கள், நானும் போனவன்தான். மேற்கு வர்ஜீனியாவின் அந்த 62ஆம் எண் மாநிலச் சாலையில் ஒருமுறை இரவில் ஓட்டிப் பார்த்தால், 1966 நவம்பர் 15 அன்று இரண்டு இளம் தம்பதிகள் ஏன் அலறினார்கள் என்று யாரும் கேலி பேச மாட்டார்கள். ஊருக்கு வடக்கே, போர்க்காலத்தில் டிஎன்டி வெடிமருந்து அடுக்கிய கான்கிரீட் குவிமாடங்கள் புல் மண்டிக் கிடக்கின்றன. சிவந்து ஒளிரும் கண், பெரிய சிறகு, காரைத் துரத்திக்கொண்டே வந்தது என்றார்கள். கொக்கு வகைப் பறவையாக இருக்கும் என்றார் ஓர் உயிரியல் பேராசிரியர். அது எப்படியோ போகட்டும்.

அதற்கடுத்து நீங்கள் சொல்லும் கதைதான் எனக்கு ஒப்பவில்லை. 13 மாதம் கழித்து, 1967 டிசம்பர் 15 மாலை, அதே ஊரில் ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் வண்டிகளோடு சரிந்தது. 46 பேர் செத்தார்கள். இரண்டு பேர் உடல் கிடைக்கவே இல்லை. அதை முன்கூட்டிச் சொல்லத்தான் மாத்மேன் வந்தது, 1777இல் அங்கே கொல்லப்பட்ட ஷானி என்ற அமெரிக்கப் பழங்குடியின் தலைவர் கார்ன்ஸ்டாக்கின் சாபம் என்றெல்லாம் வீடியோவில் பேசுகிறீர்கள்.

விசாரணையில் தெரிந்தது ஒரு விரிசல். பாலத்தைத் தூக்கி நின்ற சங்கிலியில் ஒரு எஃகுப் பட்டை, அதன் முனையில் இருக்கும் காதுத் துளைக்குள்ளே, 2.5 மில்லிமீட்டர் ஆழம். நெல்மணி அகலம்தான். ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டைகள் என்பதால் ஒன்று அறுந்ததும் மற்றதால் தாங்க முடியவில்லை. கழற்றிப் பிரிக்காமல் அந்த விரிசலைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை. 1928இல், லேசான கார்கள் ஓடிய காலத்தில் கட்டிய பாலம் அது. நாடு முழுக்கப் பாலங்களைத் தவணை வைத்துச் சோதிக்கும் விதியே இந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்ததுதான். திகிலுக்கு இது போதாதா உங்களுக்கு?

மாத்மேன் சிலையோடு படம் எடுத்த கையோடு மெயின் தெருவிலேயே இரண்டு தெரு தள்ளி நடங்கள். 6ஆம் தெரு முனை, பாலம் ஏறிய இடம். இறந்தவர் பெயர் பொறித்த செங்கற்கள் தரையில் இருக்கும். நான் போன அன்று ஒரு பெயரின் மேல் யாரோ குடித்துவிட்டு வைத்த காபிக் கோப்பை. எடுத்துக் குப்பையில் போட்டேன். உங்கள் வீடியோவில் அந்தப் பெயர்களுக்கு அரை நிமிஷமாவது கொடுங்கள்.

குவிமாடங்களுக்குப் போனால் டார்ச் வேண்டும். பூட்டியிருப்பதைத் திறக்கப் பார்க்காதீர்கள். 2010இல் ஒன்று வெடித்தே போனது.

அந்தச் சாலையில் அடிக்கடி போகும் ஒருவன்