சார்ல்ஸ்டன் போனா கூடைக்காரம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு மலர்ல அமெரிக்கா சுத்திப் பார்க்கறதப் பத்தி வந்த பக்கத்தப் படிச்சேன். நயாகரா, டிஸ்னி, லாஸ் வேகாஸ் எல்லாம் இருந்துச்சு, எல்லாமே நல்ல இடந்தான். ஆனா பொண்ணு வீட்டுக்கு ஆறு மாசம் வந்திருக்குற என்னை மாதிரி ஆளுங்களுக்கு, அதுவும் நெல்லு வெளையுற ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு, நான் சொல்ற ஊர் தெற்குப் பக்கம் சவுத் கரோலினாவுல கடலோரமா இருக்கு, சார்ல்ஸ்டன்னு பேரு. 1670-ல உண்டான ஊர். பொண்ணு இருக்குற சார்லட்லேர்ந்து கார்ல மூணரை மணி நேரம். காலேஜ்ல ஒண்ணா படிச்ச நாங்க மூணு பேரு, ஒருத்தி அட்லாண்டாலேர்ந்து, ஒருத்தி இங்க இருக்குற கொலம்பியாங்கற ஊர்லேர்ந்து, முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அங்க ரெண்டு நாள் ஒண்ணா இருந்துட்டு வந்தோம்.

அங்க போறவங்க முக்காவாசிப் பேரு குதிரை வண்டில ஒரு ரவுண்டு போயிட்டு, ரெயின்போ ரோன்னு ஈஸ்ட் பே தெருவுல வரிசையா நிக்குற 13 கலர் வீட்டு முன்னாடி போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. நாங்களும் எடுத்தோம், அழகாத்தான் இருக்கு. 1931-லயே பழைய வீட்டோட வெளித்தோற்றத்த இஷ்டத்துக்கு மாத்த முடியாதபடி சட்டம் போட்ட ஊர் அது, அதனாலதான் இன்னிக்கும் தெருத்தெருவா அப்படியே நிக்குது, இதுக்கே அந்த ஊர்க்காரங்கள கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா எங்க மூணு பேரையும் புடிச்சு நிறுத்துனது வீடு இல்ல, ஒரு கூடை.

சிட்டி மார்க்கெட்னு நாலு பிளாக் நீளத்துக்கு ஒரு சந்தை இருக்கு, முன்னாடி இருக்குற பெரிய ஹால் 1841-ல கட்டுனது. அங்க ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும், மடில கூடைய வச்சுத் தச்சுக்கிட்டு இருந்தாங்க. பின்னுறதுன்னு சொன்னா அவங்களுக்குப் புடிக்காது, தைக்கறதுன்னுதான் சொல்லணும். ஸ்வீட்கிராஸ்ங்கற புல்லக் கத்தையா புடிச்சு, சுருளாச் சுத்திக்கிட்டே போயி, பல்மெட்டோ ஓலையக் கிழிச்ச நார வச்சு ஒவ்வொரு சுத்தையும் அதுக்கு முந்தின சுத்தோட சேர்த்து இழுத்துக் கட்டறாங்க. பல்மெட்டோங்கறது பனை ஜாதி மரம், அந்த மாநிலக் கொடியிலயே இருக்கு. ஓட்டை போடற ஊசி எது தெரியுமா, ஒரு பழைய ஸ்பூனோட காம்ப வெட்டித் தேய்ச்சு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். பிடில அவங்க கட்டைவிரல் படுற எடம் மட்டும் வழவழன்னு தேஞ்சு பளபளக்குது. நடுநடுவுல பழுப்புக் கலர்ல ஒரு வரி வருதே அது சாயம் இல்ல, பைன் மரத்து ஊசியிலை. மூக்குகிட்ட கொண்டு போனா புதுசா காஞ்ச வைக்கோல் வாசம்.

பக்கத்துல தட்டையா வட்டமா ஒண்ணு மாட்டியிருந்துச்சு. அட்லாண்டாக்காரிதான் மொதல்ல பார்த்தா, "ஏய், இது நம்ம ஊரு முறம்டி" ன்னா. நான் அந்தம்மாகிட்ட இது எதுக்குன்னு கேட்டேன், அவங்க அதக் கையில எடுத்து ரெண்டு தடவ தூக்கிப் போட்டுப் புடைச்சுக் காட்டுனாங்க பாருங்க, எங்க பாட்டி வாசல்ல உக்காந்து நெல்லுப் புடைச்ச அதே மணிக்கட்டுத் திருப்பல். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைக்கல.

அந்த ஊரு பணக்கார ஊரானதே நெல்லாலதான் சார். கரோலினா கோல்டுன்னு ஒரு நெல்லு. அத வெளைவிச்சவங்க மேற்கு ஆப்பிரிக்காவோட நெல்லு வெளையுற பகுதிலேர்ந்து அடிமைகளாப் புடிச்சுட்டு வரப்பட்ட ஜனங்க. சதுப்பு நெலத்துல அலை ஏறி எறங்குறதப் பார்த்து மடை தொறந்து தண்ணி பாய்ச்சுற வேல மொத்தமும் அவங்க தோள்லதான் நடந்துச்சு. அந்தக் கூடையும் அவங்க கையோட வந்ததுதான். அவங்க வம்சத்துக்கு கல்லா கீச்சின்னு பேரு, கல்லான்னு தனி பாஷையே வச்சிருக்காங்க. மார்க்கெட்லேர்ந்து நடக்குற தூரத்துல சால்மர்ஸ் தெருவுல ஒரு கட்டடம், 1856-ல தெருவுல வச்சு மனுஷங்கள ஏலம் போடக்கூடாதுன்னு ஆனதும் உள்ள வச்சு வித்த எடம், இப்போ மியூசியம். கப்பல் வந்து நின்ன காட்ஸ்டன் துறைலயும் 2023-ல ஒரு பெரிய மியூசியம் தொறந்திருக்காங்க, அந்த மண்ண மிதிக்கக் கூடாதுன்னு கட்டடத்தையே தூண் மேல தூக்கி நிறுத்தியிருக்காங்க. கீழ தரையில கப்பல்ல நெருக்கிப் படுக்க வச்ச மாதிரி மனுஷ உருவங்கள், அது மேல தண்ணி ஏறி ஏறி வடியுது. அங்க நாங்க யாரும் பேசல.

ரெண்டாவது நாள் இரும்பு கேட்டு பார்க்கறதுக்காகவே நடந்தோம். பிலிப் சிம்மன்ஸ்னு ஒரு கொல்லர், 2009-ல தன்னோட 97-வது வயசுல காலமானார். பதிமூணு வயசுல பட்டறைக்குப் போனவர், அந்த ஊர்ல மட்டும் நூத்துக்கணக்குல கேட்டு, கிராதி, பால்கனிக் கம்பி எல்லாம் அடிச்சிருக்கார். ஆன்சன் தெரு சர்ச் தோட்டத்துல அவர் பேர்ல இருக்குற கேட்டுல இதய வடிவத்த இரும்புல வளைச்சிருக்காங்க, கைய வச்சுப் பாருங்க, இரும்புன்னே தோணாது, கொடி மாதிரி ஓடுது.

சாப்பாடு பத்தி சொல்லாம விட்டா என் ஃப்ரெண்ட்ஸ் கோச்சுக்குவாங்க. ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்னு ஒண்ணு, மக்காச்சோளத்த ஒடச்சு ரவையாக்கி களி மாதிரி கிண்டி மேல இறால் ஊத்தித் தர்றாங்க, வெண்ணெய் வாசம் தூக்குது. வெண்டைக்கா சூப்பு, தட்டைப்பயறு போட்ட ஹாப்பின் ஜான் சோறு, எள்ளு பிஸ்கட். எள்ளுக்கு அங்க பென்னேன்னு பேரு, அந்த வார்த்தையும் ஆப்பிரிக்காலேர்ந்து வந்ததுதான். ஒரு விஷயம், ரெட் ரைஸப் பார்த்துட்டு தக்காளி சாதம்னு சைவக்காரங்க வாங்கிடாதீங்க, பெரும்பாலும் பன்னிக் கறி போட்டுத்தான் செய்வாங்க, கேட்டுட்டு வாங்குங்க. கொலம்பியாக்காரி சைவம், அவளுக்கு எள்ளு பிஸ்கட்டும் வறுத்த வெண்டைக்காயும்தான், ராத்திரி ரூம்ல உக்காந்து மூணு பேரும் அந்த பிஸ்கட் பாக்கெட்ட காலி பண்ணிக்கிட்டே ஹாஸ்டல் கதை பேசி விடிஞ்சே போச்சு.

இப்போ நான் இந்த லெட்டர் எழுதுற காரணத்துக்கு வர்றேன். நாங்க அந்தம்மா பக்கத்துல உக்காந்திருந்தப்போ நம்ம ஊரு குடும்பம் ஒண்ணு வந்துச்சு, தமிழ்லதான் பேசிக்கிட்டாங்க. ஒரு கூடைய எடுத்து விலை கேட்டு, 180 டாலர்னதும் அறுபதுக்குத் தர்றியான்னு கேட்டு, புல்லுக்கு இவ்வளவான்னு தமிழ்ல சொல்லிட்டு வச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தம்மா ஒண்ணும் சொல்லல, தைக்கறத நிறுத்தவும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு எங்ககிட்ட, "அது நாலு நாள் வேல" ன்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு மனசே ஆறல. அந்தப் புல்லு இப்போ லேசுல கெடைக்கிறதில்ல, அது முளைக்குற கடலோரமெல்லாம் வீடு கட்டி வேலி போட்டுட்டாங்க, ஒவ்வொரு இழையாக் கையால உருவித்தான் எடுக்கணும். அதே கூடை தைக்கற மேரி ஜாக்சன்ங்கற அம்மாவுக்கு 2008-ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கெடச்சிருக்கு, ஆராய்ச்சியாளருக்கும் விஞ்ஞானிக்கும் தர்ற அதே மரியாதை. பட்டுப்புடவைல ஜரிகைக்கு விலை பேசாம கொடுக்கற நம்ம ஜனங்க இங்க ஏன் பேரம் பேசணும்? வாங்க முடியலன்னா பரவால்ல, உக்காந்து பாருங்க, நல்லாருக்குன்னு சொல்லுங்க.

நாங்க மூணு பேரும் காசு போட்டு அந்த முறத்த வாங்கினோம். வருஷத்துக்கு ஒருத்தி வீட்டுல இருக்கணும்னு பேச்சு, இந்த வருஷம் என்கிட்ட, ஊருக்கு வர்றப்ப ஹேண்ட் லக்கேஜ்ல வச்சுக் கொண்டு வரப் போறேன். ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவ அமெரிக்கா பக்கம் போடறப்ப சார்ல்ஸ்டனுக்குக் கொஞ்சம் எடம் குடுங்க, கலர் வீட்டுப் படத்தோட ஒரு கூடைப் படமும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி,
மாயவரம் (இப்போது சார்லட், வட கரோலினா)