துறைகள் இல்லாத பல்கலைக்கழகமும் நம் இணைத்தன்மைச் சான்றிதழும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பற்றித் தங்கள் இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இப்படியொரு கட்டுரை வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் பெரும்பகுதி தரவரிசையிலும் நோபல் பரிசிலும் கழிந்துவிட்டது. ஆய்வுக் குழுக்களின் பெயர்கள் ஒரு பெட்டிச் செய்தியில் அடுக்கப்பட்டதோடு சரி. பவளப்பாறை, எறும்பு, மூளை, குவாண்டம், சூரிய மின்கலம் என்று அந்தப் பட்டியலைப் படிக்கும் மாணவர், எல்லாப் பாடங்களும் உள்ள ஏதோ ஒரு பிரம்மாண்டமான பல்கலைக்கழகம் என்றுதான் நினைப்பார். உண்மையில் அது சிறிய நிறுவனம். 2012இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இளங்கலை கிடையாது, முனைவர் பட்டம் மட்டுமே. 80க்கும் மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. துறை என்று ஒன்றுகூட இல்லை. கட்டுரையில் விடுபட்டுப்போன செய்தி இதுதான்.

நோபல் பரிசை ஒகினாவாவின் பெருமையாகக் காட்டியதிலும் ஒரு திருத்தம் தேவை. பரிசு பெற்ற மரபணு ஆய்வாளர் ஸ்வாண்டே பாபோ 2020 முதல் அங்கே இணைப்புப் பேராசிரியர்; முழுநேரப் பணி அல்ல. 2022இல் அவருக்குப் பரிசு பெற்றுத் தந்த, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களின் மரபணுத் தொகுதி ஆய்வு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்தது. அந்தப் பெருமை லைப்சிக் நகருக்கே உரியது. ஒகினாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், 2020இல் பாபோவும் ஹியூகோ ஜெபெர்க் என்ற ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். கொரோனா தொற்றைக் கடுமையாக்கும் ஒரு மரபணுப் பகுதி நியாண்டர்தால்களிடமிருந்து நமக்கு வந்தது என்றும், தெற்காசியர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது இருக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். நம் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி அது.

துறைகள் இல்லாததால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்ல விரும்புகிறேன்.

மகேஷ் பண்டி அங்கே ஓர் இயற்பியல் குழுவை நடத்துகிறார். அவரும் யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் இன்னும் சிலரும் சேர்ந்து மனிதப் பாதத்தை ஆராய்ந்தார்கள். உடல் எடையைப் போல் பல மடங்கு விசை ஊன்றும் போதும் பாதம் ஏன் வளைந்து தொய்வதில்லை? குதிகாலிலிருந்து விரல் வரை நீளவாக்கில் செல்லும் வளைவுதான் காரணம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. இவர்கள் குறுக்கு வளைவைப் பார்த்தார்கள். ஒரு தாளை நுனியில் பிடித்தால் தொங்கிவிடும்; அகலவாக்கில் சற்றே குழித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். அதே கணக்குதான் பாதத்திலும். இறந்தோரின் பாதங்களில் சோதித்தபோது, விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் குறுக்கு வளைவிலிருந்து வருவது தெரிந்தது. பிறகு புதைபடிவ எலும்புகளுக்குப் போய், அந்த வளைவு எப்போது தோன்றியிருக்கும் என்றும் தேடினார்கள். இயற்பியல், உடற்கூறியல், தொல்மானுடவியல் மூன்றும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன. 2020இல் நேச்சர் இதழில் வந்தது. இந்தக் கேள்வியை எந்தத் துறையின் ஆய்வுக் குழுக் கூட்டத்தில் வைப்பது? நம் ஊரில் வைத்திருந்தால், "இது உங்கள் பாடமா?" என்ற கேள்விதான் முதலில் வந்திருக்கும்.

இரண்டாவது, டெல்டாக்காரனாகிய எனக்கு நெருக்கமானது. ஒகினாவாவில் காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தை ஆராயும் பினாகி சக்ரவர்த்தியின் பாய்ம இயக்கவியல் குழுவில் லின் லி என்ற ஆய்வு மாணவர், அட்லாண்டிக்கில் உருவாகி அமெரிக்க நிலப்பரப்பில் கரையேறிய சூறாவளிகளின் ஐம்பது ஆண்டுத் தரவுகளை எடுத்துப் பார்த்தார். 1960களின் இறுதியில் கரையேறிய சூறாவளி முதல் நாளிலேயே தன் வலிமையில் 75 சதவீதத்தை இழந்தது. இப்போது 50 சதவீதம்தான் இழக்கிறது. வெப்பமான கடலிலிருந்து அள்ளி வந்த கூடுதல் ஈரம், நிலத்தின் மீதும் அதற்கு எரிபொருளாகிறது. கணினி மாதிரியில் அந்த ஈரத்தை மட்டும் நீக்கிப் பார்த்து, காரணம் அதுவே என்று உறுதிசெய்தார்கள். வங்கக் கடலுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளை எல்லாம் சாய்த்துக்கொண்டு உள்மாவட்டங்கள் வரை போனதைப் பார்த்த எங்களுக்கு, இந்தக் கேள்வியை இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்ற ஏக்கம் இருக்கிறது.

இவையெல்லாம் தற்செயலாக நடப்பவை என்று நான் நினைக்கவில்லை. ஒகினாவாவில் சேரும் மாணவர் முதலாண்டில் மூன்று ஆய்வகங்களில் மாறி மாறிப் பணியாற்ற வேண்டும். அவற்றில் ஒன்றாவது தன் பாடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வேதியியல் படித்தவர் சில மாதம் நரம்பணுக்களோடு இருந்தாக வேண்டும். பேராசிரியர்களுக்கு அடிப்படை ஆய்வு நிதி பல்கலைக்கழகத்திலிருந்தே கிடைக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியார் வந்து கறாராக மதிப்பிடுகிறார்கள். அடுத்த ஆண்டுப் பணத்துக்காக ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் எழுதும் ஒருவர், பாதத்தின் வளைவைப் பற்றி யோசிக்கத் துணிய மாட்டார். 2005இல் இதன் முன்னோடி அமைப்புக்குத் தலைவராக வந்தவர் சிட்னி பிரென்னர்; ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவைக் கொண்டு உயிரியலையே திருப்பிப் போட்டவர். அவரைப் போன்றவர்கள் தொடக்கத்திலேயே இருந்தது வெறும் அலங்காரத்துக்காக இல்லை.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். ஜப்பானில் வருமானம் குறைந்த மாகாணங்களில் ஒன்று ஒகினாவா. அந்தப் பகுதியின் மேம்பாட்டுக்கான நிதியிலிருந்துதான் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் போகிறது. அதனால் உள்ளூருக்கு என்ன கிடைத்தது என்று மக்கள் கேட்பது நியாயமே. 2011இல் பவளத்தின் மரபணுத் தொகுதியையும், 2016இல் அங்குள்ள கடல் விவசாயிகள் வளர்க்கும் மொசுகு பாசியின் மரபணுத் தொகுதியையும் வாசித்தது அங்குள்ள கடல்சார் மரபணுவியல் குழு. அது போதுமா என்பதை ஒகினாவா மக்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் பக்கம். உயிர்இயற்பியல், உயிர்த்தகவலியல், நானோ அறிவியல் என்று முதுகலைப் படிப்புகளை நம் பல்கலைக்கழகங்கள் நிறையவே தொடங்கின. என்னிடம் இளங்கலை இயற்பியல் படித்துவிட்டு ஆர்வத்தோடு அந்தப் பக்கம் போன பிள்ளைகள் உண்டு. கல்லூரிப் பணிக்கான அறிவிப்பு வரும்போது அதில் இயற்பியல் இருக்கும், விலங்கியல் இருக்கும். இவர்களுடைய பட்டத்தின் பெயர் இருக்காது. இணைத்தன்மைக்கான அரசாணை, அதாவது இவர்கள் பட்டம் அறிவிப்பில் உள்ள பட்டத்துக்குச் சமம் என்று கூறும் ஆணை, உண்டா என்று தேடி அலைய வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. படிப்பைத் தொடங்க அனுமதி கொடுக்கும்போதே, அது எந்தெந்தப் பணிக்குத் தகுதி என்பதையும் அதே ஆணையில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஒகினாவாவைப் போலக் கடற்கரையில் கட்டடம் எழுப்பப் பெரும்பணம் வேண்டும். இதற்கு ஒரு கையெழுத்து போதும்.

அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, ஒகினாவாவின் ஒன்றிரண்டு குழுக்களை எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு நாள் வேலை எப்படி நடக்கிறது என்று அங்கு பயிலும் இந்திய மாணவர்களிடமே கேட்டு எழுதுங்கள். இணைத்தன்மைச் சிக்கலில் மாட்டியிருக்கும் நம் மாணவர்களின் நிலையை உயர்கல்வித் துறையின் முன் வைத்து, அவர்கள் தரும் பதிலையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி