பழ ஈயின் முறை எல்லாப் பூச்சிகளுக்கும் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பூச்சிகளின் கருவில் உடற்கண்டங்கள் (உடலில் அடுத்தடுத்து அமையும் பிரிவுகள்) உருவாவதை மரபணுக்கள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பது குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடினமான பொருளைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால், டிரோசோபிலா என்னும் பழ ஈயில் கண்டறியப்பட்டதை எல்லாப் பூச்சிகளுக்கும் உரிய பொதுவிதியாக அவர் சொல்லிச் செல்வதை ஏற்பதற்கில்லை.

பழ ஈயைப் பொறுத்தவரை அவர் விவரித்துள்ள படிநிலை சரியானதே. தாய் ஈ முட்டையின் முன்முனையில் வைத்துவிடும் பைகாய்டு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து (புரதம் செய்வதற்கான செய்தி நகல்) உருவாகும் புரதம், முன்பக்கம் செறிந்தும் பின்னோக்கிப் போகப்போகக் குறைந்தும் பரவுகிறது. அதன் செறிவுக்கேற்ப ஹன்ச்பேக், க்ரூப்பல், ஜயண்ட் முதலிய மரபணுக்கள் கருவின் குறுக்கே அகன்ற பட்டைகளாகச் செயல்படத் தொடங்குகின்றன. அவற்றின் புரதங்கள் அடுத்த வரிசை மரபணுக்களை 7 பட்டைகளாகவும், அவை என்கிரெய்ல்டு போன்றவற்றை 14 பட்டைகளாகவும் இயக்குகின்றன. கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஹைடல்பர்க்கில் ஆயிரக்கணக்கான பிறழ்வு ஈக்களின் புழுக்களை ஆராய்ந்து 1980-இல் வெளியிட்ட முடிவுகளே இதற்கு அடித்தளம். எட்வர்ட் லூயிஸுடன் அவர்கள் 1995-இல் நோபல் பரிசு பெற்றதைக் கட்டுரையும் குறிப்பிட்டிருந்தது.

அந்த 7 பட்டைகளை ஒரே வரியில் கடந்துவிட்டதுதான் எனக்குக் குறையாகப் பட்டது. வேதிப்பொருள்கள் வினைபுரிந்து பரவுவதாலேயே ஒழுங்கான கோலங்கள் தாமாகத் தோன்றக்கூடும் என்று ஆலன் டூரிங் 1952-இல் காட்டியிருந்தார். சம இடைவெளியில் அமைந்த இப்பட்டைகளைப் பார்க்கும் எவருக்கும் அந்த எண்ணமே முதலில் தோன்றும். நடப்பதோ வேறு. 7 பட்டைகளாக இயங்கும் மரபணுக்களுள் ஒன்றான ஈவன்-ஸ்கிப்டின் இரண்டாம் பட்டைக்கென்றே டி.என்.ஏ.வில் தனியொரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. பைகாய்டும் ஹன்ச்பேக்கும் அதைத் தூண்டுகின்றன. முன்புறத்தில் ஜயண்டும் பின்புறத்தில் க்ரூப்பலும் அதை அடக்குகின்றன. இரண்டு தடைகளுக்கும் இடையே எஞ்சும் குறுகிய இடத்தில் மட்டும் அந்தப் பட்டை தோன்றுகிறது. ஜயண்ட் செயலிழந்த கருவில் அதே பட்டை முன்னோக்கி அகன்றுவிடுகிறது. மற்றப் பட்டைகளுக்கும் இவ்வாறே வேறு கட்டுப்பாட்டுப் பகுதிகள் உண்டு, சில பகுதிகள் இரண்டிரண்டு பட்டைகளைக் கவனித்துக்கொண்டாலும். வெளியே ஒரே சீராகத் தெரியும் வரிசை, உள்ளே தனித்தனி ஏற்பாடுகளின் ஒட்டுவேலை என்பது வியப்பான செய்தி அல்லவா?

இவ்வளவும் நடக்க ஒரு முன்நிபந்தனை உண்டு. பழ ஈயின் கருவில் தொடக்கத்தில் உட்கருக்கள் மட்டுமே 13 முறை பிளவுறுகின்றன; இடையே செல் சவ்வுகள் எழுவதில்லை. ஏறத்தாழ 6,000 உட்கருக்கள் ஒரே சைட்டோபிளாசத்தில் இருப்பதால்தான் ஒரு புரதம் தடையின்றிப் பரவி நெடுகிலும் இடத்தை உணர்த்த முடிகிறது. முட்டையிட்டுச் சுமார் 3 மணி நேரத்துக்குள் எல்லாக் கண்டங்களுக்கும் ஒருசேர இடம் குறிக்கப்பட்டுவிடுகிறது.

டிரைபோலியம் என்னும் செந்நிற மாவு வண்டை எடுத்துக்கொண்டால் காட்சி மாறிவிடும். அதில் தலைக்கும் மார்புக்கும் உரிய கண்டங்களே முதலில் குறிக்கப்படுகின்றன. வயிற்றுக் கண்டங்கள், செல்களாகப் பிரிந்துவிட்ட பின்முனை வளர்பகுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. அப்பகுதியில் ஆட்-ஸ்கிப்டு மரபணுவின் செயல்பாடு கடிகாரம்போல ஏறி இறங்குவதாக 2012-இல் நிறுவப்பட்டது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடங்கள் ஆகின்றன. முதுகெலும்பிகளின் கருவில் முள்ளெலும்புகளுக்கான தொகுதிகள் உருவாகும் விதத்தோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. பைகாய்டு மரபணுவோ இந்த வண்டில் இல்லவே இல்லை. ஈக்களின் கால்வழியில் பின்னாளில், ஹாக்ஸ் தொகுதி (உடலின் எப்பகுதி என்னவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுக்கள்) மரபணு ஒன்று இரட்டித்து மாறியதால் வந்தது அது. ஸ்கிஸ்டோசெர்கா வெட்டுக்கிளியில் ஈவன்-ஸ்கிப்டு இருந்தும், பழ ஈயில் காண்பதுபோல் ஒன்றுவிட்டு ஒரு கண்டத்துக்கெனப் பட்டைகள் அமைவதில்லை. ஆய்வகத்தில் வளர்க்க எளிது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உயிரி, கண்டமாக்கத்தைப் பொறுத்தவரை மிகவும் விலகிப்போன ஒன்றாக அமைந்துவிட்டது.

படத்தின் கீழுள்ள குறிப்பிலும் ஒரு பிழை இருக்கிறது. ஆன்டெனபீடியா என்னும் மரபணு கண்டங்களை உருவாக்குவதாக அச்சாகியுள்ளது. அது ஹாக்ஸ் மரபணு. உருவான கண்டம் என்னவாக வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கும். தவறான இடத்தில் அது இயங்கும்போது உணர்கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் கால் முளைக்கும். கண்டங்களின் எண்ணிக்கை மாறுவதில்லை.

கட்டுரையுடன் வெளியான அட்டவணையின் தலைப்பில் ‘பூச்சிகளில்’ என்றிருப்பதை ‘பழ ஈயில்’ என்று திருத்தி அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். என்கிரெய்ல்டு பற்றிய கடைசி வரிக்கு மட்டும் அந்தத் திருத்தம் வேண்டியதில்லை. ஒவ்வொரு கண்டத்தின் பின்பாதியிலும் அது தோன்றுவது ஈ, வண்டு, வெட்டுக்கிளி மூன்றுக்கும் பொதுவானது.

இப்படிக்கு,
விலங்கியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர்