குடல்வாலுக்கு ஞாயிறு விடுமுறை தெரியாது: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசிய சுகாதார அமைச்சின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில், ஒரு சிற்றூரின் முடிதிருத்தும் கடையில் ஏழாண்டுகளாக வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரன் நான். வெளிநாட்டவருக்கான கட்டணங்களையும் வார்டில் சேரக் கட்ட வேண்டிய முன்பணத்தையும் வகுத்தவர்கள் தாங்களே என்பதால், அவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. மூன்றாம் வகுப்பு வார்டில் அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் 2,800 ரிங்கிட் என்ற வாசகம், சனிக்கிழமை நள்ளிரவில் சட்டைப் பையில் அறுபது ரிங்கிட்டோடு நிற்பவனுக்கு எப்படித் தோன்றும் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

என் அறைத் தோழருக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் வலி. அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் உடனே பார்த்தார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர் பரிவோடுதான் சொன்னார். பதிவு முகப்பில்தான் சிக்கல். தோழருக்குக் காப்புறுதி இல்லாமல் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 2011 முதல் கட்டாயமாக்கப்பட்ட மருத்துவக் காப்புறுதித் திட்டமான ஸ்பிக்பா இருக்கிறது. ஆனால் அட்டை முதலாளியின் மேசை இழுப்பறையில், முதலாளியோ ஈப்போவில் ஒரு திருமண வீட்டில், கைப்பேசியை அணைத்துவிட்டு. காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வேண்டும், இல்லையேல் முன்பணம் கட்ட வேண்டும் என்றார் எழுத்தர்.

தோழர் நெகிழி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டிருக்க, நான் மோட்டார் சைக்கிளில் மூன்று ஊர்க் கடைகளின் தங்குமிடக் கதவுகளைத் தட்டினேன். 2,460 சேர்ந்தது, மீதி 340-ஐ, ரொட்டி சானாய் போடும் ஒருவர் மாவுக் கையோடு எண்ணிக் கொடுத்தார். முகப்பில் அந்தப் பத்து ரிங்கிட் தாள்களைப் பிரித்தபோது எங்கள் கடைப் பவுடர் மணம் எழுந்தது. எழுத்தர் இருமுறை எண்ணி, விரல்களைத் துடைத்துக்கொண்டு, ரசீது கிழித்தார். அப்போது மணி மூன்று நாற்பது. உத்தரவாதக் கடிதம் திங்கட்கிழமை காலை வந்தது. முன்பணம் இன்னும் திரும்பவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: அவசர நோயாளியின் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண்ணைக் கொண்டு மருத்துவமனையே காப்புறுதியை உறுதிசெய்து, முன்பணம் கேட்காமல் அவரை வார்டில் சேர்க்க வேண்டும். கணக்கை நிறுவனமும் முதலாளியும் பிறகு பேசிக்கொள்ளட்டும்.

வேலை பெர்மிட் புதுப்பிக்க எங்கள் இரத்தம், சிறுநீர், மார்பின் எக்ஸ்ரே அனைத்தையும் பார்த்து, நோயற்றவர் என்று சான்று தருகிறார்கள். அந்தச் சான்றைக் குடல்வாலிடம் காட்ட முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். 2019 முதல் வேலையிட விபத்துக்குச் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பு எங்களுக்கும் இருக்கிறது, உண்மை. கத்தரி விரலை வெட்டினால் கவலையில்லை. ஆனால் வயிற்றுக்குள் வருவது விபத்துக் கணக்கில் சேராது. வெறும் காய்ச்சலுக்கு ஸ்பிக்பாவும் உதவாது, அது வார்டில் படுத்தவர்களுக்கு மட்டும். ஆகவே எங்களவர் பலர் மளிகைக் கடைப் பனடோல் மாத்திரையிலேயே வாரத்தை ஓட்டுகிறார்கள். இதே பினாங்குக்கு இந்தோனேசியாவின் மேடானிலிருந்து சிகிச்சைக்கு விமானமேறி வருபவரும் வெளிநாட்டவர்தான்; அவரை வரவேற்க விளம்பரம் உண்டு, ஆள் உண்டு. அவர் பணத்தோடு வருகிறார், நாங்கள் வலியோடு வருகிறோம்.

கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருள்க. இலவச மருத்துவம் கேட்கவில்லை. எங்கள் பெயரில் ஏற்கெனவே கட்டப்பட்ட காப்புறுதி, வார இறுதியிலும் செல்லுபடியாக வேண்டும் என்றே கேட்கிறோம். அவசர நேரத்தில் முன்பணமின்றிச் சேர்த்துக்கொள்ளுமாறு எல்லா அரசு மருத்துவமனை முகப்புகளுக்கும் எழுத்து வடிவில் ஓர் உத்தரவு அனுப்பும்படி பணிவுடன் வேண்டுகிறேன். ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால், கடை அடைக்கும் நாளில் நேரில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
செபராங் பிறையிலிருந்து ஒரு முடிதிருத்தும் தொழிலாளி