மேட்டுக்கு எந்த மோட்டர்?

பண்டாரவளை

அன்பின் ரவி,

கடிதமும் சைக்கிள் படமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். பின்னேரமானால் மழை பிடித்துக்கொள்கிறது, மரக்கறி விலையும் இறங்கின பாடில்லை. முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டாய், அடுத்ததிலாவது எழுது. இனி சைக்கிளுக்கு மின்மோட்டர் மாட்டும் விஷயம்.

250 வாட்டா 500 வாட்டா என்று கேட்டிருக்கிறாய். மோட்டரில் ஒட்டியிருக்கும் வாட்டை வைத்து மலைநாட்டில் எதையும் தீர்மானிக்க முடியாது மச்சான். உன்னுடைய பாதையை இரண்டாகப் பிரித்துப் பார்: தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் துண்டு ஒன்று, நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் மெயின் ரோடு மற்றது. முதலில் மெயின் ரோடு. நானுஓயா ஏறக்குறைய 1600 மீற்றர் உயரம், நுவரெலியா 1868. ஆளும் வண்டியும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்று வைத்தால், அந்த 270 மீற்றர் ஏற 74 வாட்-மணி போதும். டயர் இழுவை, காற்று, மோட்டரில் சூடாகப் போவது எல்லாவற்றையும் கூட்டினாலும், நீ பெடலை மிதிக்காமலே போனால்கூட 150க்குள் அடங்கிவிடும். 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பெட்டரியில் 360 வாட்-மணி இருக்கிறது. ஆகவே மெயின் ரோட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மோட்டரைக் கொல்வது லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் அந்தக் கொங்கிரீட் பாதைதான். அதன் சரிவை முதலில் அள. சரியாக 1 மீற்றர் நீளமான நேர்க்கோலின் ஒரு முனையைத் தரையில் வை, பள்ளப் பக்க முனையை உயர்த்து, மேலே வைத்த ரசமட்டத்தில் குமிழ் நடுவுக்கு வந்ததும் அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அள. 15 சென்ரிமீற்றர் என்றால் 15 வீதச் சரிவு. சராசரி எனக்கு வேண்டாம், ஆகச் செங்குத்தான வளைவில் அளந்ததைச் சொல்.

15 வீதத்தில் 100 கிலோவை ஏற்ற, டயர் இழுவையும் சேர்த்து 157 நியூட்டன் விசை வேண்டும். 26 அங்குலச் சில்லின் ஆரம் 33 சென்ரிமீற்றர், ஆகவே சில்லில் 52 நியூட்டன்-மீற்றர் முறுக்குவிசை. சாதாரண 250 வாட் ஹப் மோட்டர், அதாவது சில்லின் நடுவிலேயே இருக்கும் வகை, 30 முதல் 40 வரைதான் தரும். மீதியை உன் காலால் கொடுக்காவிட்டால் வண்டி ஊரும், மோட்டரோ முழுக் கரன்ட்டையும் இழுத்துக்கொண்டிருக்கும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஊர்வதால் அந்தச் சூட்டில் கிடக்கும் நேரமும் கூடும். கியர் உள்ள ஹப்பில் நைலோன் பற்கள் இளகித் தேயும், அல்லது மோட்டர் சுழலும் நிலையை அறியும் ஹால் சென்சர் போகும். இதனால்தான் கொழும்பில் நன்றாக ஓடும் மோட்டர் கிட் இங்கே வந்ததும் படுத்துவிடுகிறது.

அதுவே 8 வீதத்துக்குள் அடங்கினால் 29 நியூட்டன்-மீற்றர்தான், ஹப் மோட்டர் தாராளம். விலையும் குறைவு, செயினுக்கும் தொல்லை இல்லை. ஆனால் பின் சில்லில் மாட்டு. மேடு ஏறும்போது பாரம் பின்னால் சாயும், பாசி பிடித்த கொங்கிரீட்டில் முன் சில்லு வெறுமனே சுற்றும்.

நீ அனுப்பின கறுப்பு வண்டியை மட்டும் விட்டுவிடு. அந்தப் பழைய இங்கிலீஷ் மாதிரியில் முன் ரிம்மில் 32 துளை, பின் ரிம்மில் 40. கிட்டில் வரும் ஹப்புகள் பெரும்பாலும் 36 துளை, ஆகவே ரிம் உதவாது. பின்பக்கக் கவட்டின் அகலம் 110 அல்லது 115 மில்லிமீற்றர், பின் ஹப்புக்கு 135 வேண்டும். இதைவிட மோசம் அதன் பிரேக். கேபிளுக்குப் பதில் கம்பியால் இழுக்கும் ரொட் பிரேக்கும் குரோம் ரிம்மும் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது, அதன்மேல் மோட்டரும் பெட்டரியுமாக இன்னும் 7 கிலோ ஏற்றி பள்ளம் இறங்குவது தற்கொலை. மகனுடைய மவுண்டன் பைக் சும்மா நிற்கிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? இரும்புச் சட்டம், அலுமினிய ரிம், வி-பிரேக், 7 கியர். அதுதான் ஆள்.

பாதை 15 வீதத்துக்குக் கிட்ட இருக்கும் என்றுதான் ஊகிக்கிறேன். அப்படியானால் மிட் டிரைவ் வாங்கு, பெடல் அச்சில் மாட்டும் வகை. 36 வோல்ட் 350 வாட் மோட்டர் பெடல் அச்சில் 80 நியூட்டன்-மீற்றர் வரை தரும். முன்னால் 44 பல், பின்னால் 34 பல் போட்டால் சில்லுக்கு 62 வந்து சேரும். 52 தேவைப்பட்ட இடத்தில் 62. மணிக்கு 10 கிலோமீற்றரில் ஏற 440 வாட் வேண்டும், மோட்டர் 350 கொடுக்க நீ 100 மிதித்தால் சரி. முழங்காலுக்கும் அவ்வளவு போதும். இப்போது இருக்கும் ப்ரீவீலில், அதாவது பின் சில்லின் பல் தொகுதியில், பெரியது 28 பல் என்றால் அதையும் மாற்று, 14-34 கேட்டு வாங்கு.

மாட்டுவது ஒரு பின்னேர வேலை. பெடல் கையான கிராங்கைக் கழற்ற கிராங்க் புல்லரும், உள்ளே இருக்கும் அச்சைக் கழற்ற பல் வைத்த சாவியும் வேண்டும். உன்னிடம் இல்லையென்றால் நுவரெலியாவில் சைக்கிள் கடையில் கழற்றக் கொடு. அச்சைப் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப்புக்கு மரை எதிர்த்திசை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழறும். இது தெரியாமல் பலத்தைக் காட்டி கப்பைக் கிழித்தவர்கள் நிறையப் பேர். கழற்றியதும் பெடல் அச்சுக் குழாயின் அகலத்தை வேர்னியரால் அள, 68 அல்லது 73 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். உள்ளே துருவைச் சுரண்டிக் கிரீஸ் தடவு. கியர் கேபிள் குழாயின் அடியால் போனால் மோட்டர் அதை நசுக்கும், வேறு வழியால் கொண்டுபோ.

மோட்டரை வலப்பக்கமிருந்து நுழைத்து, சாய்வுக் குழாயில் முட்டும்வரை மேலே சுழற்றி, நடுவில் டியூப் ரப்பர் துண்டொன்று வைத்துவிட்டு இறுக்கு. பாரம் வரும்போது மோட்டர் மேல்நோக்கித்தான் திமிறும், முட்டிக்கொண்டு நின்றால் அசைய இடமில்லை. இடப்பக்கத்துப் பெரிய நட்டுக்கு அதற்கென்ற ஸ்பேனரையே பயன்படுத்து, சுத்தியலும் உளியும் வேண்டாம். இந்த நட்டு ஒருமுறை இறுக்கியதோடு நிற்காது. முதல் வாரத்தில் பார், பிறகு மாதாமாதம் பார். தோட்டத்துப் பாதைக் குலுக்கலில் மெல்லத் தளரும், தளர்ந்தால் முதலில் ஒரு ‘டக்’ சத்தம் கேட்கும். கிராங்க் போல்ட்டும் அப்படித்தான். தளர்ந்தபடியே மிதித்தால் கிராங்கின் சதுரத் துளை வட்டமாகிவிடும், பிறகு கிராங்கை எறியத்தான் வேண்டும்.

கிட்டோடு வரும் பிரேக் லீவர்களைக் கட்டாயம் மாட்டு. பிரேக்கைத் தொட்டதும் மோட்டரை வெட்டுவது அவைதான், மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டர் ஒரு கணம் தள்ளும். கியர் மாற்றும்போது மிதியைத் தளர்த்திவிட்டு மாற்று. மிட் டிரைவில் முழுப் பலமும் செயினால்தான் போகிறது. புதுச் செயினில் 12 முழு இணைப்பு 12 அங்குலம், அது பதினாறில் ஒரு அங்குலம் நீண்டால் செயினை மாற்று, இல்லாவிட்டால் பற்களையும் தின்றுவிடும்.

பெட்டரி லித்தியம்தான். லெட் அசிட் மலிவாகக் கிடைக்கிறது என்றாய், ஆனால் 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி மூன்று எடுத்தால் 12 கிலோ, மேட்டில் வேகமாக இழுத்தால் எழுதியிருக்கும் அளவும் தராது. கேரியரில் கட்டாதே, அங்கே குலுக்கல் அதிகம், உள்ளே செல்களை இணைக்கும் நிக்கல் தகடு விடும். சாய்வுக் குழாயில் போத்தல் மாட்டும் இடத்தில் பூட்டு. 36 வோல்ட் பெட்டரி நிறைந்தால் 42 காட்டும். ஓடாமல் நிற்கும்போது 36 காட்டினால் பாதிக்கும் கீழே போய்விட்டது. தை மாசியில் உங்கள் பக்கம் உறைபனி விழும் நாட்களில், பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த பெட்டரியைச் சார்ஜ் போட்டால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் விட்டபின் போடு. படுக்கப் போகும்போது சார்ஜில் விடாதே, வாசற்படியருகிலும் வைக்காதே. லயத்து வீட்டுக்கு வெளியேற ஒரே வழி அதுதானே.

மழைக்கு ஒரே விதி. எந்த வயரும் கனெக்டருக்குள் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். ஊசிகளில் கொஞ்சம் வேஸ்லின் தடவு. பிரேக் கட்டை இரண்டு சோடி கையில் வைத்திரு, மழைக்காலத்தில் ரிம்மில் ஒட்டும் மணல் அவற்றை அரத்தால் ராவுவதுபோல் தின்றுவிடும்.

காசைக் கட்டுமுன் மூன்று அளவை எழுதி அனுப்பு: ஆகச் செங்குத்தான வளைவில் ரசமட்டம் காட்டிய சரிவு, மகனுடைய வண்டியின் பெடல் அச்சுக் குழாயின் அகலம், அந்தக் குழாயை ஒட்டிய இடத்தில் பின்கவட்டுக் குழாய் வெளியே எவ்வளவு புடைத்திருக்கிறது என்பது. புடைப்பு அதிகமென்றால் மோட்டரின் கியர்ப் பெட்டி அதில் முட்டும், வாஷர் வைத்துத் தள்ள வேண்டிவரும்.

அன்புடன்,
செல்வா