கந்தூன்யா வைக்காத கல்

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம், தம்பியும் நலம். போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். ஆனால் நீ பேசும்போதெல்லாம் பின்னால் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான். இரவு படுக்கும் முன் நிதானமாகப் படி.

முதலில் நீ கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சுக்கு ஒன்றும் இல்லை. முதல் இரவு மட்டும் தலை வலித்தது, தூக்கம் பிடிக்கவில்லை. அதற்கு இங்கே சொரோச்சே என்று பெயர். தம்பி இருக்கும் இந்தக் கீட்டோ, ஈக்வடார் நாட்டின் தலைநகரம், 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். உச்சிக்கும் மேலே 200 மீட்டர் ஏறி, அங்கே ஒரு தலைநகரத்தைக் கட்டி, மக்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதாக நினைத்துக்கொள். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் போலத்தான். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கால் பங்குக்கு மேல் குறைந்துபோகிறது. தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அம்மா முதல் நாள் துவரம்பருப்பைப் பாத்திரத்தில் போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்தாள். விரலால் நசுக்கினால் நசுங்கவில்லை. பிறகு தம்பி பரணிலிருந்து குக்கரை எடுத்துக் கொடுத்தான். நீ சொன்னபடி இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், தண்ணீர் நிறையக் குடித்து, வயிற்றைப் பாதி காலியாக வைத்திருந்தோம். மூன்றாம் நாள் உடம்பு பழகிவிட்டது.

நான்காம் நாள்தான் பழைய நகரத்தைப் பார்க்கப் போனோம். தம்பிக்கு ரோஜாப் பண்ணையில் ஒரு நாள் விடுப்பு. நாள் முழுவதும் கூடவே நடந்து காட்டுகிற வழிகாட்டியை ஏற்பாடு செய்திருந்தான். அம்மாவின் வயதுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. வெயில் கொளுத்துகிறது, கையில் குடை; மதியம் மழை வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஊர் என்பதால் நடுப்பகலில் நிழல் காலடியிலேயே விழுகிறது. நான் பழக்கத்தில் முன்னால் வேகமாக நடக்க, அவர் என் சட்டைக் கையைப் பிடித்து, "தெஸ்பாசியோ" என்றார். மெதுவாக என்று அர்த்தமாம். அன்று முழுவதும் அந்த ஒரு சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கே இல்லை.

பிளாசா கிராண்டே என்கிற பெரிய சதுக்கத்திலிருந்து தொடங்கினோம். ஒரு பக்கம் அதிபர் மாளிகை, ஒரு பக்கம் பேராலயம், நடுவில் விடுதலைத் தூண். 1809 ஆகஸ்ட் 10 அன்று ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக இந்த நாட்டின் முதல் குரல் எழுந்தது இந்த ஊரில்தான். அடுத்த ஆண்டே அந்தத் தலைவர்களில் பலரைச் சிறையில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். 1822 மே 24 அன்று பிச்சிஞ்சா மலைச்சரிவில் நடந்த போரில் சூக்ரே என்கிற தளபதி வென்ற பிறகுதான் விடுதலை கிடைத்தது. அவருடைய கல்லறை பேராலயத்துக்குள் இருக்கிறது. அந்த மலை சதுக்கத்திலிருந்தே தெரிகிறது. படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஊரில், இதற்கும் மேலே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஏறிச் சண்டை போட்டவர்களை நினைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த நகரம் இருந்த இடத்தில் முன்பு இன்கா மக்களின் ஊர் இருந்தது. ஸ்பானியர்கள் வருமுன் அதைத் தீ வைத்துவிட்டுப் போனவர் ருமின்யாவி என்கிற அவர்களுடைய தளபதி. எதிரி கையில் முழுதாகக் கிடைக்கக் கூடாது என்று தன் ஊரைத் தானே கொளுத்தியிருக்கிறார். 1534இல் அந்தச் சாம்பல்மேல்தான் இப்போதிருக்கும் நகரத்தை அமைத்தார்கள்.

அடுத்தது லா கொம்பானியா. இயேசு சபையாரின் தேவாலயம். இங்கேதான் உன்னை நினைத்துக்கொண்டேன், கண்ணு. முகப்பு முழுவதும் எரிமலைக்கல். திருகு திருகாகச் செதுக்கிய தூண்களில் உளி பட்ட தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். உள்ளே காலை வைத்ததும் கண் கூசுகிறது. மரத்திலும் சுதையிலும் பூவேலையும் கட்டவேலையும் செய்து, அத்தனையிலும் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். அண்ணாந்தால் கூரையிலும் தங்கம். ஆனால் எனக்குப் பிடித்தது வாசல் பக்கம் இருக்கும் ஒரு படிக்கட்டு. பாடகர் மாடத்துக்கு ஏற ஒரு பக்கம் மட்டும்தான் படி தேவை. மறுபக்கம் வெறுமையாக இருந்தால் சமநிலை கெடுமே என்று அங்கே அதே போன்ற படிக்கட்டை ஓவியமாக வரைந்துவிட்டார்கள். பக்கத்தில் போய்ப் பார்க்கும் வரை எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடம் நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுச் சுவர் கட்டியவன் நான். என் கண்ணையே ஏமாற்றிய அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தக் கோயிலை 1605இல் தொடங்கி 1765இல் முடித்திருக்கிறார்கள். 160 வருடம். அப்பன் போட்ட அடித்தளத்தின்மேல் மகன், மகன் எழுப்பிய சுவரின்மேல் பேரன் என்று வேலை நடந்திருக்கும். முடித்து இரண்டே வருடத்தில், 1767இல், ஸ்பெயின் மன்னர் இயேசு சபையாரைத் தம் ஆட்சிப் பகுதிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றிவிட்டார். வழிகாட்டி அம்மாள் இதைச் சொன்னபோது தம்பி மொழிபெயர்ப்பதற்கு முன்பே எனக்கு ஆண்டுகள் புரிந்துவிட்டன. இன்னொன்றும் சொன்னார். இதற்கு உயரமான மணிக்கூண்டு ஒன்று இருந்ததாம். 1859 நிலநடுக்கத்தில் விழுந்தது. மறுபடி கட்டினார்கள், 1868இல் மறுபடி விழுந்தது. அதற்குப் பிறகு அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மணிக்கூண்டு இல்லாமலே கோயில் அழகாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சான் பிரான்சிஸ்கோ சதுக்கம். தரை முழுவதும் கல் பாவி, ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அந்தச் சரிவைச் சமன்செய்ய ஒரு மேடை கட்டி அதன்மேல் தேவாலயத்தை எழுப்பியிருக்கிறார்கள். மேடைக்கு அடியில் சின்னச் சின்னக் கடைகள். மேலே ஏற வட்டப் படிக்கட்டு. கீழ்ப் பாதி வெளியே பிதுங்கியும் மேல் பாதி உள்ளே குழிந்தும் இருக்கிறது. நீ பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து வரைபடம் போட ஆரம்பித்துவிடுவாய். இந்தச் சதுக்கத்துக்கு அடியில்தான் மெட்ரோ நிலையம். 22 கிலோமீட்டர், 15 நிலையங்கள், 2023 டிசம்பரிலிருந்து ஓடுகிறது. நானூறு ஐந்நூறு வருடத்துக் கட்டடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிலத்தைத் தோண்டியவர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று உனக்குத்தான் தெரியும். தம்பி எங்களைக் கீழே கூட்டிப்போய்க் காட்டினான். அம்மா நடைமேடையில் நின்று சுவரைத் தடவிப் பார்த்து, "மீனா செய்கிற வேலை இதுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் எனக்கும் பேச்சு வரவில்லை.

மேலே வந்ததும் படிக்கட்டில் உட்காரவைத்து வழிகாட்டி ஒரு கதை சொன்னார். இந்த மேடையைக் கட்டித் தர ஒப்புக்கொண்டவன் கந்தூன்யா என்கிற உள்ளூர்க் கட்டடக்காரன். கெடு நெருங்குகிறது, வேலை பாதிகூட ஆகவில்லை. முடிக்காவிட்டால் சிறை. அன்று இரவு சாத்தான் வந்து, விடிவதற்குள் முடித்துத் தருகிறேன், உன் ஆன்மாவைக் கொடு என்கிறான். சரி, ஆனால் ஒரு கல்கூடக் குறையக் கூடாது என்கிறான் கந்தூன்யா. இரவெல்லாம் பேய்ப்படை கல் சுமக்கிறது. விடியும் நேரத்தில் கந்தூன்யா ஓடிப்போய்ப் பார்க்கிறான். ஒரே ஒரு கல் வைக்கப்படவில்லை. சாத்தான் கையை விரித்துவிட்டுப் போய்விடுகிறான். அந்தக் கல்லைக் கந்தூன்யாவே ஒளித்து வைத்தான் என்று சொல்பவர்களும் உண்டாம். ஊரார் இன்றும் அந்த வெற்றிடத்தைத் தேடுகிறார்களாம். அம்மாவும் தேடினாள்.

நான் தேடவில்லை. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழா. பேச்சுப் போட்டியில் உனக்கு முதல் பரிசு. அன்று சூலூரில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிற நாள். அம்மா தம்பிக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாள். வேலை முடியட்டும், நேராகப் பள்ளிக்கு வந்துவிடுகிறேன் என்று காலையில் உன்னிடம் சொல்லியிருந்தேன். இரவு எட்டரை மணிக்கு வந்தபோது பள்ளி வாசலில் காவலாளியின் முக்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். பரிசுக் கோப்பையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாய். "வேலை முடிந்துவிட்டதா அப்பா?" என்று மட்டும் கேட்டாய். என் சட்டையெல்லாம் சிமெண்ட். உன்னைத் தூக்கிக்கொள்ளக்கூட முடியவில்லை.

காங்கிரீட்டை நடுவில் நிறுத்த முடியாது, அது உனக்கே தெரியும். ஆனால் அதற்கு முந்தின வாரமும் அடுத்த வாரமும் நிறுத்தக்கூடிய வேலைகள்தான் இருந்தன. பூச்சு வேலை, தரை வேலை, சாரம் பிரிக்கிற வேலை. அவற்றையும் நான் நிறுத்தவில்லை. முடியட்டும், முடியட்டும் என்றே உன் பள்ளிக்கூட வருடங்கள் போய்விட்டன. இப்போது இரண்டு பொங்கலாக நீ அதே சொல்லைச் சொல்கிறாய். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்டுக்கொள்ள மட்டும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு, வேலை முடியாவிட்டாலும் வா. ஒரு கல்லை வைக்காமல் விட்டுவிட்டு வா, கண்ணு.

மதியம் ஒரு சின்னக் கடையில் லோக்ரோ சாப்பிட்டோம். உருளைக்கிழங்கைக் கரையக் கரைய வேகவைத்து, பாலாடைக்கட்டி போட்டு, மேலே வெண்ணெய்ப்பழத் துண்டு வைத்துத் தருகிறார்கள். ஊட்டிக் கிழங்கே உசத்தி என்பவள் உன் அம்மா. இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள். உருளைக்கிழங்குக்கு இந்த ஆண்டீஸ் மலைத்தொடர்தான் தாய்வீடு. நம் மிளகாயும் நிலக்கடலையும் கொய்யாவும்கூட அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் நிலக்கடலை மிட்டாய் செய்துகொண்டிருந்தார். பெரிய வெண்கல வாணலியைக் கயிற்றில் தொங்கவிட்டு, கரி அடுப்புக்கு மேலே தொட்டில் போல ஆட்டுகிறார். கடலை உருண்டு உருண்டு பாகு ஏறி, வெள்ளை உருண்டையாகிறது. கை ஓயவே இல்லை. அம்மா உனக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

சொன்னபடி மழை வந்தது. தூறலிலேயே பசிலிக்கா என்கிற பெரிய தேவாலயத்துக்குப் போனோம். 1892இல் அடிக்கல் நாட்டியது. இது முழுதாக முடிந்தால் உலகம் அழிந்துவிடும் என்று இங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் கோயிலில் கருவறைச் சுவரில் கோமுகி இருக்குமே, அதுபோல இங்கே சுவரெங்கும் கல் விலங்குகள் தலையை வெளியே நீட்டுகின்றன. அவை இந்த நாட்டின் விலங்குகள்: ஆமை, இகுவானா, நம் அலங்கு போல ஓடு போர்த்திய ஆர்மடில்லோ.

கோபுரம் ஏறலாம் என்றான் தம்பி. அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நானும் தம்பியும் பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினோம். ஒரு சன்னல் வழியாகப் பழைய நகரத்தின் ஓட்டுக்கூரைகள் அத்தனையும், தூரத்தில் பனெசியோ குன்றின்மேல் சிறகு வைத்த மாதாவும் தெரிந்தன. சுமார் 7,000 அலுமினியத் துண்டுகளை இணைத்துச் செய்த சிலை அது. லெகார்தா என்கிற இந்த ஊர்ச் சிற்பி 1734இல் செய்த மரச்சிற்பத்தைப் பார்த்து வடித்தது. அதற்கு மேலே, கூரை வளைவுக்குள் ஒரு பலகைப் பாலம். அதைக் கடந்தால் செங்குத்தான ஏணி. நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீழே அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று தோன்றியது. தம்பியை மேலே போகச் சொல்லிவிட்டு நான் இறங்கிவிட்டேன்.

அம்மா அதற்குள் எஸ்புமியா வாங்கி வைத்திருந்தாள். கூம்பில் வைத்த ஐஸ்கிரீம் போலத்தான் இருக்கும், ஆனால் உருகாது. கொய்யாப்பழக் கூழை முட்டை வெள்ளையோடும் சர்க்கரையோடும் அடித்து நுரையாக்குகிறார்கள். "இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களா?" என்று இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரே கூம்பை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டு மழை விடும் வரை இருந்தோம். நம் தோட்டத்துக் கொய்யா வாசனை.

தம்பி இறங்கி வந்ததும் உச்சியில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். சொல்லாதே என்று நிறுத்திவிட்டேன். அந்தப் பலகைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உன்னோடு சேர்ந்துதான் ஏற வேண்டும்.

வரும் மாதம் 18ஆம் தேதி கோவை வந்து சேருகிறோம். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா