டயலைப் பார்க்காமல் பழைய வாட்ச் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கைக்கடிகாரங்கள் சேகரிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மெஷின் ஒரிஜினலாக இருந்து ஓட்டமும் சரியாக இருந்தால் நம்பி வாங்கலாம் என்ற அறிவுரையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இன்று ஏமாற்று வேலை பெரும்பாலும் நடப்பது டயலில்.

எச்.எம்.டி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தயாரிப்பு அது. 2016இல் மத்திய அரசு அதை மூட முடிவெடுத்த பிறகு ஜனதா, பைலட் என்ற அதன் பழைய மாடல்களைத் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சாவி கொடுக்கும் 17 கல் மெஷின் (தேய்மானத்தைக் குறைக்க 17 சிறு கற்கள் பதித்தது) எச்.எம்.டி.யின் பல மாடல்களில் இருந்ததால், ஓடுகிற மெஷின் கிடைப்பது இன்றும் பெரிய காரியமில்லை. அப்படி ஒரு சாதாரண வாட்சின் டயலைச் சுரண்டி, ஆரஞ்சோ பச்சையோ அடித்து, பைலட் என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது அசல் எச்.எம்.டி. மெஷின்தான். அதனால் அது பைலட் ஆகிவிடுமா?

அண்மையில் ஒரு கடையில் 'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்று ஒன்றை நீட்டினார்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் விளிம்பு மை ஊறியது போல் கலங்கியிருந்தது. நிமிடக் கோடுகள் 12இல் எண்ணுக்கு நேராக நின்றன, 4, 5 பக்கம் வரும்போது விலகிப் போயிருந்தன. நடுத்துளையைச் சுற்றிப் பெயிண்ட் திரண்டு நின்றது. கேஸில் பட்டை மாட்டும் காதுகளில் குரோம் போய்ப் பித்தளை தெரிய, டயல் மட்டும் நேற்று செய்தது போல் மின்னியது. பிரிக்காத பெட்டிக்குள் இருந்த வாட்சுக்குப் பித்தளை தெரியும் அளவுக்குத் தேய்மானம் எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் சீக்கோ நிறுவனத்தின் சீக்கோ 5 வாட்ச் வாங்குகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பின்மூடியில் 7009 என்ற மெஷின் எண்ணோடு தொடங்கும் எண் இருந்தால், உள்ளே மெஷினிலும் 7009 இருக்க வேண்டும். டயலின் அடிவிளிம்பில் பொடி எழுத்தில் மெஷின் எண்ணைக் காட்டும் ஒரு குறியீடு இருக்கும். மறுபெயிண்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள், அல்லது வேறு மெஷினின் எண்ணை எழுதிவைப்பார்கள். மூடியிலுள்ள ஆறு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அந்த மாடல் தயாரான காலத்தோடு இது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இருட்டில் ஒளிரும் பூச்சும் காட்டிக்கொடுக்கும். அறுபதுகளின் சுவிஸ் டயலில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்தப் பூச்சு டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் கொண்டது. சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். இத்தனை காலம் கழித்தும் பளிச்சென்று ஒளிர்கிறது என்றால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். முள்ளில் இருக்கும் பூச்சும் எண்களில் இருக்கும் பூச்சும் ஒரே அளவு பழுத்திருக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

டயலுக்குப் பெயிண்ட் அடிக்கும் கைத்தொழிலாளர்களை நான் குறை சொல்லவில்லை. அப்பாவின் வாட்சை மறுபடி கட்டிக்கொள்ள ஆசைப்படும் மகனுக்கு அவர்கள் செய்து தருவது நல்ல வேலை. பெயிண்ட் அடித்ததை மறைத்து ஒரிஜினல் விலை கேட்பதுதான் மோசடி. சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்லும் இந்தச் சரக்கைப் புதிதாக வாங்க வருகிற இளைஞர்கள்தான் தலையில் கட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கொடுக்கும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்: டயலை நேராக எடுத்தது, பின்மூடியின் உள்பக்கம், திறந்த மெஷின். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கட்டுரையாளரும் டயலைச் சோதிக்கும் முறையை அடுத்த இதழில் படங்களோடு விளக்கி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்